ஃபைல் இருக்கு, ஆனா இல்லைங்குது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர், எல்லாமே போனுக்குள்ளும், இன்டர்நெட்டில் சேர்த்து வைக்கிற கிளவுடுக்குள்ளும் வந்துவிட்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ஃபைல், ஃபோல்டர், கமாண்ட் என்று பாடம் நடத்துவது வீண் வேலை என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பாடச்சுமை குறைய வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் எழுதியிருக்கிறார், அது புரிகிறது. ஆனால் அவர் சொன்னது சரியில்லை என்பதை நான் வாரா வாரம் கண்ணால் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான கடிதம்தான், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

எனக்குக் கோத்தகிரி. குன்னூரில் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின் வேலை, இருபது வருஷம் ஆகிறது. சர்வர்களைப் பார்த்துக்கொள்வது, பேக்கப் எடுப்பது, யாருடைய ஃபைலாவது காணாமல் போனால் தேடிக் கொடுப்பது, இதுதான் பகல் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தால் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், வர முடியாதவர்கள் போன் செய்வார்கள். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவர்கள், ஜெராக்ஸ் கடைத் தம்பிகள், கல்யாண போட்டோ எடுக்கிறவர், காலேஜ் பிள்ளைகள், ரிட்டையர் ஆன வாத்தியார் என்று எல்லாரும் உண்டு. பெரும்பாலும் மெஷினில் எந்தக் கோளாறும் இருக்காது. தன்னுடைய ஃபைல் எங்கே இருக்கிறது, என்ன பெயரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான் விஷயம்.

மஞ்சூர் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஊட்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். லேபில் லினக்ஸ், விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொரு சிஸ்டம். ஒரு நாள் போன் செய்து, "அண்ணா, ஃபைல் இருக்கு, ஆனா இல்லைங்குது" என்றாள்.

"என்ன வந்திருக்கு, அப்படியே படிம்மா."

"இங்கிலீஷ்ல ஏதோ எரர் வருதுங்ணா."

"ஏதோன்னா எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வார்த்தையா படி, அவசரமில்லை."

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி."

சரி, இப்போது நீ எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறாய் என்று அதனிடமே கேள், பிடபிள்யூடி என்று அடி என்றேன். வீட்டு ஃபோல்டரில், அதாவது ஹோமில் நின்றாள். ஃபைலோ டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கிறது. ஃபோல்டர் மாறுகிற சிடி கமாண்டைப் போட்டு உள்ளே போகச் சொன்னேன், மறுபடியும் அதே எரர். நான் பதில் சொல்லவில்லை, எல்எஸ் அடித்து அங்கே என்னென்ன பெயர் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அண்ணா, டவுன்லோட்ஸுக்கு முதல் எழுத்து பெரிய டி! நான் சின்ன டி போட்டிருக்கேன்!" லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, விண்டோஸில் பழகியவர்களுக்கு இது முதல் நாள் உறைக்காது. அவளே கண்டுபிடித்தாள். அதன் பிறகு ஒரு கேள்வி கேட்டாள், "அப்ப போன்ல டவுன்லோட் பண்றது எல்லாம் எங்கண்ணா போகுது?" பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்த, மார்க் நிறைய வாங்கிய பிள்ளை அவள். அந்தக் கேள்வியை அவள் கேட்கிற மாதிரி யாரும் அவளுக்கு ஒன்றும் காட்டியதில்லை. போன் எல்லாவற்றையும் அழகாகத் திரையில் கொண்டுவந்து போட்டுவிடுகிறது, எங்கிருந்து எடுத்தது என்று காட்டுவதில்லை. பெரியவர் போன் போதும் என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. எங்கள் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் இலைக் கணக்கு பார்க்கிற அக்கா ஒருவர் வந்தார். விவசாயிகள் கொண்டு வந்து போடுகிற பச்சை இலைக்கு மாசா மாசம் பட்டுவாடா செய்ய வேண்டும், ஊர் வாரியாக ஃபோல்டர் வைத்திருக்கிறார். கட்டபெட்டு, அரவேணு, நெடுகுளா, கோடநாடு, கோத்தகிரி. எல்லாம் தமிழிலேயே. "தம்பி, கோத்தகிரி ஃபோல்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணுல ஜூன் மாசம் இருக்கு, ஜூலை இல்ல. இன்னொண்ணுல ஜூலை இருக்கு, ஜூன் இல்ல. ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் வைக்க முடியாதுன்னு சொல்வாங்களே, இது எப்படி?" என்றார். மற்றவர்கள் வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அக்கா பண்ணவில்லை.

டெர்மினலை, அதாவது கமாண்ட் அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து எல்எஸ் போட்டேன். உண்மைதான், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோத்தகிரி, எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி. கோடநாடும் இரண்டு. ஆனால் கட்டபெட்டு ஒன்று, அரவேணு ஒன்று, நெடுகுளா ஒன்று. அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. இரட்டையாக இருப்பது 'கோ'வில் தொடங்குகிற ஊர்கள் மட்டும். கம்ப்யூட்டர் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிற முறை யூனிகோடு, அதில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பக்கத்தில் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறிகளாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டர் இடத்தை பைட் என்ற அளவில் எண்ணும், அதற்கு முன்னது 6 பைட், பின்னது 9 பைட். கோத்தகிரி முழுப் பெயரும் ஒன்றில் 27 பைட், இன்னொன்றில் 30. லினக்ஸ் பைட்டைத்தான் பார்க்கும், நம்மைப் போல எழுத்தைப் பார்க்காது, அதனால் அதற்கு இவை இரண்டு வேறு ஊர்கள்.

எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், முதலாளியின் மகன் பெங்களூரில் இருந்தபடி தன்னுடைய பழைய ஆப்பிள் மேக்கில் ஜூலை கணக்கைச் சரிபார்த்து ஜிப்பாகக் கட்டி மெயிலில் அனுப்பியிருக்கிறார். அந்தப் பழைய மேக்குகளின் ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை, பெயர்களைப் பிரித்து எழுதித்தான் வைக்கும். இங்கே லினக்ஸில் அந்த ஜிப்பைத் திறந்ததும் அரவேணுவும் கட்டபெட்டும் பழைய ஃபோல்டரோடு சேர்ந்துகொண்டன, கோத்தகிரியும் கோடநாடும் மட்டும் சேராமல் தனியாக நின்றுவிட்டன. யார் மேலும் தப்பில்லை.

சரி செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாவற்றையும் அப்படியே வேறு டிஸ்கில் ஒரு காப்பி. அப்புறம் எல்எஸ்ஸோடு ஐ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு எண் வரும், ஐநோடு எண் என்பார்கள். பெயர் ஒரே மாதிரி தெரிந்தாலும் எண் வேறு. ஃபைண்டு கமாண்டில் அந்த எண்ணைக் கொடுத்து ஒன்றுக்கு மட்டும் 'கோத்தகிரி_ஜூலை' என்று பெயர் மாற்றினேன். அதன் பிறகு அக்காவே இரண்டையும் திறந்து பார்த்து, ஜூலை ஃபைலைச் சரியான இடத்தில் சேர்த்தார். இந்த மாதிரி பெயர்களை மொத்தமாகச் சரி செய்ய கான்வ்எம்வி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், சும்மா ஓட்டினால் அது எதையும் மாற்றாது, 'இப்படி மாற்றப் போகிறேன்' என்று பட்டியலை மட்டும் காட்டும். நீங்கள் பார்த்து, சரி என்று தனியாக ஒரு வார்த்தை சேர்த்தால்தான் கை வைக்கும். மனுஷர்களும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் உட்காரும்போது அப்படி உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தமிழ்ப் பெயர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், நம்முடைய குறி ஒன்றுக்கு 3 பைட். அதனால் இங்கிலீஷ்காரருக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறி. 'கி' என்று எழுதினாலே இரண்டு குறி, ஆகவே உண்மையில் நாற்பது ஐம்பது எழுத்தில் முடிந்துவிடும். கூடலூரில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கும் தம்பி, பட்டா மனுக்களை முழு விவரத்தோடு நீளமான தமிழ்ப் பெயர் வைத்து விண்டோஸில் சேர்த்து வைத்திருந்தார், அங்கே கணக்கு வேறு என்பதால் ஏற்றுக்கொண்டது. சர்வருக்குக் காப்பி செய்தபோது 'ஃபைல் நேம் டூ லாங்' என்று சில ஃபைல்கள் மட்டும் நின்றுவிட்டன. அந்த மெசேஜை அவர் படிக்கவில்லை. நூற்றுக்கணக்கில் ஃபைல் போகும்போது நடுவில் வந்த பத்து வரியை யார் படிக்கிறார்கள்? மனு வேண்டும் என்று தேடிய அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய டிஸ்க் இன்னும் கையில் இருந்ததால் தப்பித்தார். இதற்காகத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தமிழில் வையுங்கள், சுருக்கமாக வையுங்கள், ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் முதலில் போடுங்கள், வரிசை தானாக நிற்கும்.

பென் டிரைவ் கதைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். ஹெத்தையம்மன் பண்டிகை முடிந்த வாரம், ஒரு வீட்டில் பாட்டி கடைசியாகக் கலந்துகொண்ட பண்டிகையின் போட்டோக்கள். பாட்டி அதற்கப்புறம் தவறிவிட்டார். பிரிண்ட் போட கடைக்குக் கொண்டு போனால் பென் டிரைவில் ஒன்றுமில்லை, ஷார்ட்கட் மாதிரி ஒரு ஐகான் மட்டும். காலியாக இருக்கிறது, ஃபார்மேட் பண்ணித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேத்தி அழுதுகொண்டே வந்தாள். நான் முதலில் பார்த்தது பிராப்பர்டீஸ். 16 ஜிபியில் 4 ஜிபிக்கு மேல் நிரம்பியிருக்கிறது என்று காட்டியது. காலியாக இருந்தால் அந்த 4 ஜிபியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? அந்த வகை வைரஸ் ஃபைலை அழிப்பதில்லை, மறைத்துவிட்டுத் தன்னுடைய ஷார்ட்கட்டை முன்னால் வைக்கிறது. முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டி வைரஸை எடுத்தோம், அந்த ஷார்ட்கட்டை யாரும் கிளிக் செய்யவில்லை. அப்புறம் விண்டோஸின் கறுப்புத் திரையில், மறைப்பை நீக்குகிற அட்ரிப் கமாண்ட், மைனஸ் ஹெச், மைனஸ் எஸ், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும். வெள்ளைப் புடவையில் பாட்டி திரையில் வந்தார். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை வீட்டுப் போட்டோக்கள் 'காலி' என்று ஃபார்மேட் ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஃபார்மேட் ஆகிவிட்டாலும் உடனே கையைத் தலையில் வைக்காதீர்கள். சாதாரண ஃபார்மேட் பதிவேட்டில் பெயரை மட்டும்தான் அடிக்கிறது, போட்டோ பெரும்பாலும் அதே இடத்தில் கிடக்கும். அதன் மேல் புதிதாக எதையும் காப்பி செய்யாமல் எடுத்து வைத்துவிட்டு வந்தால் போட்டோரெக் மாதிரி இலவசக் கருவிகளை வைத்து நிறைய மீட்கலாம். அதன் மேல் சினிமா எதையாவது ஏற்றிய பிறகு வந்தால், அது உட்கார்ந்த இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. தெரியாமல் ஏற்றிவிட்டு வந்தவர்களுக்கு அதைச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான நேரம்.

இப்போது பெரியவரின் "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்ற பேச்சுக்கு வருகிறேன். நம்முடைய மலையில் அவர் ஒரு தென்மேற்குப் பருவத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் எமரால்டு பக்கம் மரங்கள் விழுந்து கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பட்டாவையும் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்து வைத்தவர்தான், கவனமானவர்தான், ஆனால் எல்லாம் மெயிலில். போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஃபைலை போனுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலும், ஒரு பென் டிரைவிலும் வைத்திருந்தால் போதும். வைக்க முடியும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். அது மட்டும் என்றால் ஆபத்து.

அதே மழையில் இன்னொரு பக்கமும் உண்டு. சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருக்கும்போது வீடியோ ஓடாது, வெப்சைட் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் அப்படியே நின்றுவிடும். கறுப்புத் திரை மட்டும் வேலை செய்யும், ஏனென்றால் அங்கே போவதும் வருவதும் எழுத்து மட்டும்தான், படம் இல்லை. மண் சரிந்து குன்னூர் ரோடு மூடிய ஒரு ராத்திரி, வீட்டில் இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்து தூரத்து கம்ப்யூட்டருக்குள் கமாண்ட் அடித்து நுழைகிற எஸ்எஸ்ஹெச் வழியாக ஆபீஸ் சர்வருக்குள் போனேன். டிஸ்க் நிரம்பி பில்லிங் நின்றிருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற டிஎஃப் போட்டால் 100 சதவீதம். டியூ போட்டு எந்த ஃபோல்டர் பெரிது என்று கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. இதைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நடந்தது இதுதான், ஒரு புரோகிராம் தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கிற பெரிய லாக் ஃபைலை யாரோ அழித்திருக்கிறார்கள், ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் பிடியை விடவில்லை. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் என்ற கமாண்டில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்தி ஆரம்பித்தேன், இடம் திரும்ப வந்தது. நடுவில் மூன்று தடவை லைன் அறுந்தது. டிமக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டால் நம்முடைய லைன் அறுந்தாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி சிக்னல் வந்ததும் விட்ட இடத்திலேயே போய் உட்காரலாம். மலையில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் கமாண்ட் லைன் சொல்லிக் கொடுத்தால் நான் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்பேன்.

என்னுடைய தப்பையும் மறைக்கக் கூடாது. 2006ல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'பழைய' என்று தொடங்குகிற ஃபைல்களை அழிக்க ஆர்எம் கமாண்டில் அந்த வார்த்தையையும் நட்சத்திரக் குறியையும் சேர்த்து அடிக்க வேண்டியவன், நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டுவிட்டேன். ஸ்பேஸ் விட்டால் அது இரண்டு தனித்தனி விஷயம். 'பழைய' என்று ஒன்றை அழி, அப்புறம் நட்சத்திரம், அதாவது இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி. அழித்துவிட்டது. அங்கே ரீசைக்கிள் பின் கிடையாது. இரண்டு மாசக் கணக்கு. டிவிடியில் பேக்கப் எடுத்து வைத்திருந்தேன், தேதி எழுதி, கவர் போட்டு, பீரோவில். போட்டுப் பார்த்தால் பாதி டிவிடி படிக்கவில்லை. எடுத்த அன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. என்னுடைய சீனியர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன மிச்சம் இருக்குன்னு முதல்ல எண்ணு. போனதை அப்புறம் பேசலாம்" என்றார். பேப்பர் ரிஜிஸ்டரை வைத்து மூன்று ராத்திரி இரண்டு கிளார்க்குகளோடு உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அதிலிருந்து, அழிக்கிற கமாண்டை அடிக்கும் முன் அதே வரியில் ஆர்எம் இடத்தில் எல்எஸ் போட்டு எதெல்லாம் வருகிறது என்று பார்க்காமல் நான் அழிப்பதே இல்லை. அக்காவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எல்லாருக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் எழுதுகிறவர்களின் வேலையை இன்டர்நெட்டில் சேர்த்து வைக்கிற கிட்லேப் நிறுவனத்தில் ராத்திரி நேரத்தில் ஒரு இன்ஜினியர், இரண்டாவது சர்வரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்க ஆரம்பித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்கு என்று அவர்களிடம் இருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் கை கொடுக்கவில்லை. தற்செயலாக சுமார் 6 மணி நேரம் முன்னால் கையால் எடுத்த ஒரு காப்பி இருந்ததால் அந்த ஆறு மணி நேரத்து விவரங்களோடு இழப்பு நின்றது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது எதனால் என்றால், என்ன நடந்தது என்று ஒளிக்காமல் ஊரறிய எழுதினார்கள். எதையும் மறைக்காத இடத்தில்தான் அடுத்தவர் கற்றுக்கொள்ள முடியும்.

உதவி செய்கிற என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் கேட்டதும் "இது கூடத் தெரியாதா" என்று சிரிக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. அப்படிச் சிரித்தால் அவர் அடுத்த தடவை கேட்க மாட்டார், தானாக ஏதாவது அடித்துவிட்டு எல்லாம் போன பிறகு வருவார். இன்னொன்று, கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டு மின்னல் மாதிரி அடித்துவிட்டு "ஆச்சு, போங்க" என்பது. அது உதவி இல்லை, அடுத்த வாரமும் அவரை வர வைக்கிற வேலை. கீபோர்டு அவர் கையிலேயே இருக்கட்டும், நேரமானால் ஆகட்டும். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் யார் எதைத் தொடக்கூடாது என்று மெஷின் சொல்கிறது என்பதை விளக்காமல், எல்லாவற்றுக்கும் 777 போடு, அதாவது யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்று அனுமதி கொடு என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அது வீட்டுச் சாவியைத் தொலைத்தவரிடம் கதவைக் கழற்றி வைத்துக்கொள் என்று சொல்வது. இன்டர்நெட்டில் கிடைத்த கமாண்டை அர்த்தம் தெரியாமல் ஒட்டாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதும் இதற்காகத்தான்.

கேட்கிறவர்கள் "வேலை செய்யலைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். திரையை போட்டோ எடுத்து அனுப்புங்கள், வெட்டாமல், மேலே நீங்கள் அடித்த வரியும் தெரிகிற மாதிரி. கடைசியாக எப்போது சரியாக இருந்தது, அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், செய்ததைச் சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை.

ஆசிரியர் அவர்களே, கடைசியாக என் கோரிக்கை. 2011க்குப் பிறகு அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு, நம் நாட்டிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? திறந்தால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. இப்போது அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, நான் பார்த்தவரை பூட்டிய நேரம்தான் அதிகம். வாரத்தில் ஒரு பீரியட், தமிழில், ஃபைல் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, எப்படித் தேடுவது, எப்படி இரண்டு இடத்தில் காப்பி வைப்பது, எரர் மெசேஜை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். பரீட்சை வேண்டாம். நீங்களும் வாரம் அரைப் பத்தி ஒதுக்கினால், வாசகர்கள் அனுப்புகிற எரர் மெசேஜ் ஒன்றை எடுத்துத் தமிழில் விளக்கி எழுத நான் தயார், காசு வேண்டாம்.

வாசகர்களிடம் ஒன்று. வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால், பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, 2 ஜிபி மெமரி இருந்தால் கறுப்புத் திரை பழகுவதற்குத் தாராளமாகப் போதும். உங்கள் ஊர் அரசுப் பள்ளி கம்ப்யூட்டர் வாத்தியாரிடம் பேசிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் போட்டோவையெல்லாம் வேறு டிஸ்குக்குக் காப்பி செய்து, அந்த டிஸ்கில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
கோத்தகிரி